1920 குரல்களும் ஒரு ஜோடி இழையும்

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் பேச டிரங்க் புக் பண்ணிவிட்டு, தபால் ஆபீஸ் திண்ணையில் மணிக்கணக்காகக் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அழைப்புக்கே தரம் பிரித்திருந்தார்கள். சாவுச் செய்தி சொல்ல லைட்னிங், ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்க அர்ஜென்ட், மற்றதெல்லாம் ஆர்டினரி. மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் குரல் நடுவே புகும். ஊரே அந்த ஆபரேட்டர்கள் மேல் கோபப்பட்டது. காத்திருப்புக்குக் காரணம் அவர்கள் அல்ல. இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரே சமயத்தில் இத்தனை பேர்தான் பேச முடியும் என்று ஒரு எண் இருந்தது. அந்த எண் பெருகிப் பெருகி வந்ததை உள்ளேயிருந்து பார்த்ததுதான் என் பணிக்காலம்.

1980-களின் தொடக்கத்தில் தபால் தந்தித் துறையில் சேர்ந்தேன். முதலில் போட்டது கேரியர் ரூமில். தண்டவாளத்தை ஒட்டி நின்ற கம்பங்களில் செம்புக் கம்பிகள் ஓடிய காலம். ஒரு ஜோடி கம்பியில் ஒருவரோடு ஒருவர் பேசலாம் என்பதுதான் இயற்கை. கேரியர் கருவி அதை மீறியது. மனிதக் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் போதும், ஆளை அடையாளம் தெரியும், பேச்சும் புரியும். ஆகவே ஒவ்வொரு குரலுக்கும் 4 கிலோஹெர்ட்ஸ் இடம் ஒதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்த அலைவரிசைகளுக்குத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் அனுப்பினோம். அந்தப் பக்கம் வடிகட்டிகள் அவற்றைப் பிரித்து, பழைய இடத்துக்கு இறக்கும். மூன்று சேனல், பன்னிரண்டு சேனல் என்று கருவிகள் இருந்தன. பன்னிரண்டு குரல் சேர்ந்தால் 60 முதல் 108 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு குரூப். ஐந்து குரூப் சேர்ந்தால் 60 குரல்கொண்ட சூப்பர் குரூப். பிற்பாடு பெரிய நகரங்களுக்கிடையே வந்த கோஆக்சியல் கேபிளில் இதே முறையில் ஆயிரக்கணக்கான குரல்களை அடுக்க முடிந்தது.

கடலிலும் இதே கதைதான். 1981-ல் சென்னையிலிருந்து மலேசியாவின் பினாங்குக்குக் கடலடியில் ஒரு கோஆக்சியல் கேபிள் போட்டார்கள். 480 சேனல். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரும் பெருமை. வங்கக் கடலைத் தாண்டி ஒரே நேரத்தில் 480 பேர் பேசலாம் என்பதை ஆபீஸில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டோம்.

பிறகு டிஜிட்டல் வந்தது. குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக எழுதினால், ஒரு குரல் 64 கிலோபிட். முப்பது குரல்களுக்கும் அடுத்தடுத்து நேரம் பங்கிட்டு ஒரே வரியில் விடுவது பிசிஎம். பந்தியில் ஒரே ஆள் முப்பது இலைக்கும் வரிசையாகப் பரிமாறிக்கொண்டே போய், முதல் இலையில் சோறு தீருமுன் திரும்பி வந்து நிற்பதைப் போன்றது அது. இங்கே ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் விநாடியின் 8,000-ல் ஒரு பங்கு. முப்பது குரலோடு, ஒழுங்குபடுத்தவும் மணியடிக்கவும் இரண்டு இடம் சேர்த்து விநாடிக்கு 2.048 மெகாபிட். நாங்கள் சுருக்கமாக ‘2 எம்பி’ என்போம். நான்கு 2 எம்பி சேர்ந்தால் 8, நான்கு 8 சேர்ந்தால் 34, நான்கு 34 சேர்ந்தால் 140. இப்படி ஏறும் படிகளின் உச்சியில் இருந்த அந்த 140 மெகாபிட்டில் 1920 குரல்கள் அடங்கும். என் வாழ்க்கையில் மறக்க முடியாத எண் அது. எங்கள் ஊர்ப் பக்கம் முதன்முதலாகக் கண்ணாடி இழையில் ஓடியது அந்த 140-தான்.

கண்ணாடி இழையின் முன்கதையைச் சொல்லியாக வேண்டும். 1966-ல் இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்றைய கண்ணாடியில் ஒளி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 1000 டெசிபல் தேய்ந்துபோகும். அதாவது அந்தப் பக்கம் எதுவுமே வந்து சேராது. குற்றம் கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள அழுக்கில்தான் என்றும், சுத்தப்படுத்தினால் 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவரலாம், அப்போது தொலைபேசிக்குப் பயன்படும் என்றும் அவர்கள் கணக்குக் காட்டினார்கள். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மாரர், கெக், ஷுல்ட்ஸ் என்ற மூவர் 17 டெசிபலை எட்டினார்கள். 1979-ல் ஜப்பானியர் 0.2 டெசிபலுக்கு இறக்கிவிட்டார்கள். அதே 1979-ல் நம் நாட்டில் முதல் ஒளியிழை இணைப்பு புனேயில் இரண்டு உள்ளூர் எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே வேலைக்கு வந்தது. காவோவுக்கு நோபல் பரிசு கிடைக்க 2009 வரை ஆனது. அவர் கட்டுரை எழுதி 43 ஆண்டுகள்.

எங்கள் பகுதிக்கு இழை வந்தது 1990-களில். நெடுஞ்சாலை ஓரமாக 1.65 மீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால்போல் தோண்டி, கேபிளை இறக்கி, மூடி, இடையிடையே அடையாளக் கல் நட்டுக்கொண்டே போனோம். ஜாயின்ட் போடும் கூடாரத்துக்குள் மின்விசிறிகூடக் கூடாது. இழையின் உறையை உரித்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நுனியைச் செங்குத்தாக வெட்டி, இரண்டு நுனிகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிரே வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். கண்ணாடியின் தடிமன் மொத்தம் 125 மைக்ரான். அதற்குள் ஒளி போகும் நடுப்பகுதி ஏறக்குறைய 9 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் விலகினாலும் கணக்கில் தெரிந்துவிடும்.

எங்களோடு இருந்த மூத்த லைன்மேன் ஒருவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். செம்புக் கம்பிக் காலத்திலிருந்து அந்தத் தடத்தில் நடந்தவர். முதல் ஜாயின்ட் முடிந்ததும் மிச்சம் வந்த இழைத்துண்டை விரல்நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இத்துணூண்டு கண்ணாடிக்குள்ளயா தம்பி அவ்வளவு பேரும் பேசுதாவ?”

“ஆமா அண்ணாச்சி. போக ஒண்ணு, வர ஒண்ணு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது பேர்.”

“அப்போ இது அறுந்தா?”

அந்தக் கேள்வியைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்கு எங்களுக்கு 1920 என்பதே கடல். டிரங்க் புக்கிங் மறைந்து, மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்டிடி பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அவற்றுக்கு முகம் கொடுத்தவர்கள் பூத்துக்காரர்கள். முதுகுக்குப் பின்னால் நின்றது இந்த இழை. ஆனாலும் எங்களுக்குத் தெரியாத ஒன்று அந்தக் கண்ணாடிக்குள் காலியாகவே கிடந்தது. நாங்கள் அனுப்பியது ஒரே ஓர் அலைநீளம். இழையோ அதைப்போல் எத்தனையோ அலைநீளங்களை ஒன்றோடொன்று கலக்காமல் தாங்கக்கூடியது. பழைய கேரியர் ரூமில் குரல்களை வெவ்வேறு அலைவரிசைக்குத் தூக்கி அடுக்கிய அதே சூத்திரம், இம்முறை ஒளிக்கு.

இதைச் செய்யவிடாமல் தடுத்தது ரிப்பீட்டர். ஒளி தேய்ந்துபோனால், முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு நிலையத்தில் அதை மின்சாரமாக்கி, சீர்செய்து, மறுபடி ஒளியாக்கி அனுப்ப வேண்டும். ஒரு லேசருக்கு ஒரு ரிப்பீட்டர். பதினாறு அலைநீளம் அனுப்பினால் ஒவ்வொரு நிலையத்திலும் பதினாறு ரிப்பீட்டர். கட்டுபடியாகாது. 1987-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டெசுர்வீரும் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். எர்பியம் என்ற தனிமத்தைச் சிறிதளவு கலந்த இழைத்துண்டுக்குள் வேறொரு லேசரை ஏற்றினால், 1550 நானோமீட்டரை ஒட்டி வரும் ஒளி ஒளியாகவே பெருகும். எத்தனை அலைநீளம் வந்தாலும் எல்லாம் ஒரே பெட்டியில் ஒன்றாகப் பெருகும். பல அலைநீளப் பெருக்கத்துக்கு உயிர் கொடுத்தது இந்தக் கருவிதான் என்பது என் உறுதியான கருத்து. லேசர்களைக் கொண்டாடும் அளவுக்கு இதை யாரும் கொண்டாடுவதில்லை. 1996-ல் அமெரிக்காவில் சியனா நிறுவனம் ஒரே இழையில் 16 அலைநீளம், ஒவ்வொன்றிலும் 2.5 கிகாபிட் என்று வணிகத்துக்குக் கொண்டுவந்தது.

2000-களின் தொடக்கத்தில், ஒரே இழையில் பல அலைநீளங்களை ஏற்றும் டிடபிள்யூடிஎம் கருவிகள் எங்கள் அறைக்கும் வந்தன. பேச்சு வழக்கே மாறியது. “எத்தனை சேனல் போகுது?” என்று கேட்டவர்கள் “எத்தனை லாம்டா போகுது?” என்று கேட்கத் தொடங்கினார்கள். லாம்டா என்றால் அலைநீளம். லாம்டாக்களுக்கு இடையே உள்ள இடைவெளி 100 கிகாஹெர்ட்ஸ், பிறகு 50. அலைநீளக் கணக்கில் சொன்னால் 0.8 நானோமீட்டர், 0.4 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், நானோமீட்டரில் பாதிகூட இல்லாத இடைவெளி விட்டு லேசர்கள் ஒன்றன்பக்கத்தில் ஒன்று ஓடுகின்றன. வெப்பம் சற்று மாறினாலே லேசரின் அலைநீளம் நகரும். அதனால் ஒவ்வொன்றையும் ஒரே வெப்பநிலையில் பிடித்துவைக்கத் தனிக் குளிர்விப்பான் உண்டு. அந்த நுணுக்கத்தை நான் இன்றைக்கும் வியக்கிறேன்.

இங்கே ஒரு செய்தி. 1980-களில் இழையை ‘மேம்படுத்த’ நினைத்தவர்கள் புதுவகை இழை ஒன்றைச் செய்தார்கள். சாதாரண இழையில் 1550 நானோமீட்டரில் ஒளித்துடிப்பு போகப் போகச் சற்று அகலமாகிவிடும். புதுவகையில் அந்தக் குறை சுழி. ஒற்றை அலைநீளத்துக்கு அது அருமையான இழை. ஜப்பானில் அதை நிறையப் பதித்தார்கள். பல அலைநீளம் விடத் தொடங்கியபோது அந்தச் சிறப்பே சிக்கலாகிவிட்டது. எல்லா அலைகளும் ஒரே வேகத்தில் தோளோடு தோள் நடப்பதால் ஒன்றோடொன்று கலந்து, அனுப்பாத இடத்தில் புது அலைகளைப் பிறப்பித்தன. சாதாரண இழையிலோ வேகங்கள் சற்றே வேறுபடுவதால் கலப்பு சேர்ந்து வளர இடமில்லை. நாங்கள் வேறு வழியின்றிப் பதித்த சாதாரண இழை, அடுத்தடுத்த தலைமுறைக் கருவிகள் எல்லாவற்றையும் தாங்கியது. விலை குறைவென்று அதைப் பதித்த நாடுகள் நஷ்டப்படவில்லை.

தமிழர்கள் இந்த இடத்தில் நினைக்க வேண்டிய பெயர் சர் சி.வி. ராமன். திருவானைக்காவலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1928 பிப்ரவரி 28-ல் கல்கத்தாவில் அவர் கண்டறிந்த சிதறல், இன்று ஒவ்வொரு நெடுந்தூர இழைக்குள்ளும் நடந்துகொண்டிருக்கிறது. ஒளி தன் ஆற்றலில் ஒரு பங்கைக் கண்ணாடியின் மூலக்கூறு அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, நீண்ட அலைநீளமாக வெளிவரும். இழையில் 1450 நானோமீட்டர் அருகே வலுவான லேசரை ஏற்றினால், 1550-ல் வரும் தகவல் ஒளிக்கு அந்த ஆற்றல் போய்ச் சேர்ந்து அது பெருகும். தனிப் பெட்டி வேண்டாம், பூமிக்குள் கிடக்கும் இழையே பெருக்கியாகிவிடும். ராமன் பம்ப் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இதே விளைவு பாதகமும் செய்யும். லாம்டாக்கள் கூடும்போது குட்டை அலைகள் தங்கள் வலுவை நெட்டை அலைகளுக்கு இழந்துகொண்டே போகும், கோடியில் சமம் குலைந்து நிற்கும். அதைச் சரிசெய்வது கமிஷனிங் வேலையில் பெரிய பகுதி. கருவியில் ‘ராமன்’ என்ற எழுத்தைப் பார்க்கும் இளைஞர்களிடம் அது யார் பெயர் என்று சொல்லாமல் நான் விட்டதில்லை.

2010-ஐ ஒட்டி இன்னொரு பாய்ச்சல் வந்தது. அதுவரை ஒளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. கோஹெரன்ட் முறையில் ஒளியலையின் கட்டத்தையே நான்கு நிலைகளில் மாற்றி, ஒரு துடிப்பில் இரண்டு பிட் எழுதினார்கள். அத்தோடு, ஒளி அதிரும் திசைகள் இரண்டையும் தனித்தனிப் பாதையாக்கி, ஒரே லாம்டாவில் இரண்டு தகவல்களை ஏற்றினார்கள். ஆக ஒரு துடிப்புக்கு நான்கு பிட். வழியில் ஏற்படும் சிதைவுகளை அந்தப் பக்கம் ஒரு சிப் கணக்குப் போட்டே அவிழ்த்துவிடும். 50 கிகாஹெர்ட்ஸ் இடத்தில் 100 கிகாபிட். எண்பது லாம்டா வைத்தால் 8 டெராபிட். பழைய 64 கிலோபிட் கணக்கில் 12.5 கோடிக் குரல்கள். தமிழ்நாட்டு மக்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் இடம் மிஞ்சும். 1920 குரலுக்காக மண்ணில் இறக்கிய அதே வகை இழையில், ஒரு ஜோடியில், இது சாத்தியம். மாறியது இரு முனையிலும் வழியிலும் இருக்கும் கருவிகள் மட்டும்.

சென்னைக் கடற்கரையில் இதே வளர்ச்சியைப் பார்க்கலாம். 480 சேனல் கேபிளுக்கு 21 ஆண்டுகள் கழித்து, 2002-ல், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 3,200 கிலோமீட்டர் நீளத்தில் ஐ2ஐ கேபிள் வந்தது. 8 ஜோடி இழை, வடிவமைப்புத் திறன் 8.4 டெராபிட். அதுவரை செயற்கைக்கோளையே நம்பியிருந்த அந்தமான் நிகோபார் தீவுகளுக்கு 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி இழை இணைப்பு திறக்கப்பட்டது. அந்தத் தீவுகளில் ஒரு மாணவி இணையத்தில் பாடம் கேட்பதை, டிரங்க் காலத்தில் ஒரு குரலுக்காகப் போராடிய எவரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது ஒரே இழையில் ஏற்றுவதற்கும் எல்லை நெருங்குகிறது. கிளாட் ஷானன் 1948-லேயே சொல்லிவிட்டார்: ஒரு தடத்தின் அகலமும் இரைச்சலும் தெரிந்தால் பிழையின்றி அனுப்பக்கூடிய உச்சமும் தெரிந்துவிடும். இழையில் வலுவைக் கூட்டினாலும் தீராது, கண்ணாடியே ஒளிக்கு எதிர்வினை காட்டத் தொடங்கிவிடும். ஆகவே இனி இழைகளைக் கூட்டுவதுதான் வழி. 2020-ல் அட்லாண்டிக்கில் இறங்கிய டுனான்ட் கேபிளில் 12 ஜோடி இழை, 250 டெராபிட். ஜப்பானின் என்ஐசிடி ஆய்வகம், வழக்கமான 125 மைக்ரான் தடிமனுக்குள்ளேயே நான்கு தனி ஒளிப்பாதைகள் வைத்த இழையில், 2022-ல், 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்துக்கு ஒரு பெட்டாபிட்டைத் தாண்டிக் காட்டியது. அதாவது ஆயிரம் டெராபிட்.

இனி அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

அன்று இழை அறுந்தால் 1920 அழைப்புகள் அறும். மறுமுனையில் திட்டுவார்கள், சில மணி நேரத்தில் ஒட்டிவிடுவோம். ஓடிடிஆர் கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பும் மங்கல் ஒளியை வைத்து, இத்தனையாவது கிலோமீட்டரில் அறுந்திருக்கிறது என்று காட்டும். ஆனால் அது சொல்வது இழையின் நீளம். ஒவ்வொரு ஜாயின்டிலும் சுருட்டி வைத்த உபரியும் அதில் சேர்ந்துவிடும். சாலையில் அந்த இடம் எங்கே என்று சொல்ல அண்ணாச்சி வேண்டும். “புளியமரம் தாண்டி மூணாவது கல்லுகிட்ட வெட்டிப் பாருங்க தம்பி” என்பார். அங்கே இருக்கும். தடத்தில் நாள்தோறும் நடந்தவர், யார் எங்கே குழாய் பதிக்கிறார்கள், எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். தோண்டுபவர் பக்கத்திலேயே போய் நின்றுகொள்வார். செம்பு என்று நினைத்துத் திருடர்கள் வெட்டிப் பார்த்துவிட்டுப் போட்டுப்போன இடங்களைக்கூட அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

இன்று அந்த ஒரு ஜோடியில் ஓடுவது வெறும் பேச்சு அல்ல. மாவட்ட ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படம், ரேஷன் கடைக் கைரேகை, வங்கி ஏடிஎம், டீக்கடைக்காரரின் க்யூஆர் கோடு, 108-க்குப் போகும் அழைப்பு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அதே கண்ணாடியில். திறனை எத்தனை மடங்கு கூட்டினோமோ அத்தனை மடங்கு ஆபத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துவைத்திருக்கிறோம். மாற்றுப்பாதை உண்டுதான். ரிங் அமைத்திருப்பார்கள், ஒரு பக்கம் அறுந்தால் 50 மில்லிவிநாடியில் மறுபக்கம் மாறிவிடும். வரைபடத்தில் வட்டம் அழகாக இருக்கும். ஆற்றுப்பாலத்தில் இரண்டு கேபிளும் ஒரே கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு வெட்டு விழுந்தால் வட்டம் உதவாது. எங்கள் தடத்திலேயே ஒருமுறை சாலை அகலப்படுத்தும் வேலையில் பொக்லைன் இறங்கி, ஒரு பகல் முழுக்கப் பல ஊர்கள் இருண்டுபோயின. ஜாயின்ட் போட்டு முடித்து எழுந்தபோது, எதிரே மருந்துக்கடையில் கார்டு வேலை செய்யாததால் மாத்திரை வாங்காமல் திரும்பிப்போன ஒரு பெரியவரைப் பற்றிக் கடைக்காரர் சொன்னார். எனக்கு அது மனதை அறுத்தது.

தடத்தில் நடக்கும் அண்ணாச்சிகள் இப்போது மிகக் குறைவு. சாலைகளோ ஆண்டு முழுக்கத் தோண்டப்படுகின்றன. இரண்டு பாதை என்று திட்டம் போடுபவர்கள் இரண்டையும் வேறு வேறு பாலத்தில் கொண்டுபோக வேண்டும். செலவு கூடும் என்றாலும் செய்தே ஆக வேண்டும். புதிய சாலை போடும்போதே உபரிக் குழாயும் உபரி இழையும் பதித்துவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த பெருக்கம் இழைகளின் எண்ணிக்கையில்தான் வரப்போகிறது.

தோண்டுபவர்களுக்கு ஒன்று. மத்திய அரசு 2023 மார்ச் 22-ல் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. எங்கே, எப்போது தோண்டப்போகிறோம் என்று அதில் பதிந்தால், அந்த மண்ணுக்குள் கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். பஞ்சாயத்துக் குடிநீர்க் குழாய் வேலை எடுத்தவரோ, நெடுஞ்சாலை ஒப்பந்தக்காரரோ, பொக்லைன் ஓட்டும் தம்பியோ, இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், பக்கெட் மண்ணைத் தொடுவதற்கு முன் அதில் ஒருமுறை பதிந்துவிடுங்கள்.